பொழுதுபோக்கு என்று யார் சொன்னது?

எங்கள் கல்லூரியில் முதலாமாண்டு மாணவிகள் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. பெயர், ஊர், பெற்றோர் தொழில், படித்த பள்ளி என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசிக்கு முந்தைய கட்டத்தில் 'பொழுதுபோக்கு' என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் ஒரே விடைகள்தான் வரும்: நூல் வாசித்தல், பாட்டுக் கேட்டல், தோட்டம் வளர்த்தல். தோட்டம் வைக்கக் கையகல மண்கூட இல்லாத வீட்டுப் பெண்ணும் தோட்டம் வளர்த்தல் என்று எழுதுவாள். பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டிலிருந்து வந்த விடைகள் அவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் நிரப்பாமல் விட்டவற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆரி வேலை செய்யறேன் மேம். ஜாக்கெட்டுக்கு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் போடுவேன். பிடிச்சுதான் போடறேன். ஆனா காசு வாங்கறேன். அப்ப அது பொழுதுபோக்குல வருமா, பெற்றோர் தொழில்ல வருமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே மறுபடி பேசினாள்: "என் தொழில்னு ஒரு கட்டமே இல்லையே மேம்."

இருபது ஆண்டுகளாக இலக்கணமும் திறனாய்வும் கற்பிக்கிறேன். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இந்தக் கட்டுரை அவளுக்குத் தாமதமாக எழுதும் விடை. எழுதத் தொடங்கிய பிறகுதான், அந்தக் கேள்வி என்னுடைய பழைய கடன் ஒன்றையும் கிளறுகிறது என்று புரிந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1

தமிழ் இலக்கணம் பொழுதை எளிதாக எடுத்துக்கொண்டதில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள். அவை இரண்டும் அமைந்த பிறகுதான் மரமும் பறவையும் மனிதரும் காதலும் வருகின்றன. மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மருதத்துக்கு உரிய சிறுபொழுது வைகறை. ஏரிப்பாசனத்தில் வாழும் எங்கள் ஏனாத்தூர்ப் பக்கத்துக்கு இந்த இரண்டும் பொருந்தும். மார்கழி வைகறையில் தெருவில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். குனிந்த முதுகுகள், தண்ணீர் வாளி, கோலமாவுக் கிண்ணம். இலக்கணம் சொன்ன பொழுதில் கண்விழித்திருப்பவர்கள் பெண்கள்.

'பொழுதுபோக்கு' என்ற சொல்லுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: செலவழிக்க முடியாமல் மிஞ்சிய பொழுது ஒன்று இருக்கிறது, அதைப் போக்க வேண்டும் என்பது. எங்கள் தெருவில் 'பொழுது போகவில்லை' என்று சொன்ன பெண்ணை நான் பார்த்ததில்லை. 'பொழுதே பத்தலை' என்றுதான் கேட்டிருக்கிறேன். மார்கழிக் கோலம் மிஞ்சிய பொழுதில் போடப்படுவதில்லை. தூக்கத்திலிருந்து கடன் வாங்கிய பொழுதில் போடப்படுகிறது. அந்தக் கடனைப் பகல் முழுவதும் உடம்பு அடைத்துக்கொண்டிருக்கும்.

உடனே கோலத்தைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. வாசலில் கோலம் இல்லையென்றால் ஊர் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் கேட்கும். கணவனை இழந்தவளையும் தூரமானவளையும் கோலமாவின் பக்கம் வரவிடாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. கோலம் ஒரு கட்டளையாகவும் இருந்திருக்கிறது என்பதை மறந்து அதைக் கலை என்று மட்டும் கொண்டாடுவது, அடுப்படியைக் கோயில் என்று சொல்லிப் பெண்ணை உள்ளேயே வைத்திருக்கும் பழைய தந்திரம்தான்.

ஆனால் கட்டளைக்கு நான்கு புள்ளி போதும். ஐப்பசியில் நான்கு புள்ளியோடு முடித்துவிட்டு உள்ளே போனவள்தான் மார்கழியில் இடுக்குப் புள்ளியில் பதினைந்து வைக்கிறாள். நடுவரிசையில் 15, இருபக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை. மொத்தம் 169 புள்ளிகள். நான்குக்கும் நூற்று அறுபத்தொன்பதுக்கும் இடையில் இருப்பதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. மாமியார் கேட்கவில்லை, சாஸ்திரம் கேட்கவில்லை. அந்த மிகுதியைத்தான் நான் அவளுடைய படைப்பு என்று சொல்வேன். திறனாய்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணிதவியலாளர்கள் நம்மை முந்திக்கொண்டார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிரிதிவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி அறிவியல் படங்களுக்கு எப்படி இலக்கணம் எழுதலாம் என்று உலகம் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. விதிகள் சிலவற்றை வைத்துக்கொண்டு எண்ணற்ற வடிவங்களை உண்டாக்கும் முறை நம் வாசல்களில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அவர்கள் கண்டார்கள். அந்த மூவரில் இருவர் பெண்கள். கோலத்துக்கு இலக்கணம் உண்டு என்று கணிதத் துறை ஒப்புக்கொண்டு அரை நூற்றாண்டு ஆகிறது. தமிழ்த் துறைகளில் அது இன்னும் 'நாட்டுப்புறவியல்' தாளின் கடைசி அலகில், தேர்வுக்கு வராத பகுதியாகவே கிடக்கிறது.

2

டிசம்பர் எங்கள் பக்கத்தில் இரண்டு பண்டிகைகளின் மாதம். ஊரில் மார்கழி, காலனியில் கிறிஸ்துமஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் அகலம்.

1990-களின் தொடக்கத்தில் நான் பள்ளிச் சிறுமி. காலனியில் இருந்த ஓர் அக்கா எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவள். ஒயர் கூடை பின்னுவாள், தலையணை உறையில் பூத்தையல் போடுவாள், மூங்கில் சிம்பை வளைத்துக் கண்ணாடித்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்வாள். பசைக்கு மைதா காய்ச்சும்போது துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது என்பதை அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். பனியே பார்க்காத ஊரில் குடில்மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டு, "இதாண்டி பனி" என்பாள்.

அவளிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு. என்னிடமும் ஒன்று இருந்தது. டிசம்பர் முழுவதும் அந்த நோட்டுகள் கைமாறிக்கொண்டிருக்கும். ஆறு முனை நட்சத்திரம் இடுக்குப் புள்ளியில் தானாக வந்து உட்காரும் என்பதைக் கண்டுபிடித்தவள் அவள். நேர்ப்புள்ளியில் வைத்தால் எட்டு முனைதான் அழகாக வரும், ஆறு முனை கோணும் என்று சொல்லிக்கொடுத்தாள். அந்த நட்சத்திரத்தைத் தன் வீட்டு வாசலில் இருபத்தைந்தாம் தேதிக்குப் போடுவாள். நான் எங்கள் வாசலில் மார்கழிக்குப் போடுவேன். என் அம்மா அதைத் தாமரை என்று நினைத்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவள் என்னை 'வாடி போடி' என்பாள், நான் அவளை 'அக்கா' என்பேன். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அவள் குரல் மாறும். "அம்மா இருக்காங்களா?" என்று பொதுவாகக் கேட்பாள். நானும் அங்கே அக்கா என்று கூப்பிடக் கூடாது. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. இருவருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று ஒரு தட்டு வரும். அதிரசம், முறுக்கு, ஒரு துண்டு கேக், ஒரு குவியல் கல்கல். கல்கல் செய்வது தனியாள் வேலை இல்லை. மாவைச் சிறு உருண்டையாக்கிப் புதுச் சீப்பின் பல்மேல் வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரு மாலை முழுவதும் சுருட்டுவார்கள். அவள் வீட்டுத் திண்ணையில் அந்த வட்டத்தை நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றின் முதுகிலும் சீப்பின் வரிகள் விழுந்திருக்கும்.

தட்டை என் அம்மா வாங்கிக்கொள்வாள். சிரித்துக்கொண்டேதான் வாங்குவாள். பலகாரத்தை வேறொன்றில் கொட்டி, தட்டைக் கழுவி, வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அவள் தெருமுனை திரும்பியதும் பலகாரம் மாட்டின் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். சீப்பு வரி விழுந்த கல்கல்கள் தவிட்டுத் தண்ணீரில் மிதந்ததை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. கூடத்தில் உட்கார்ந்து அம்மாவே அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள், "நல்லா போட்டிருக்குது பொண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். பலகாரம் வரவில்லை. இதை வைத்துக்கொண்டு 'கலை சாதியைத் தாண்டிவிட்டது' என்று எழுதுவது எளிது. நானே ஒரு காலத்தில் ஒரு கவிதையில் அப்படி எழுதியிருக்கிறேன். அது பொய். நோட்டு உள்ளே வந்ததற்குக் காரணம், அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும், எடுத்துக்கொண்டதில் கொடுத்தவளின் பெயர் ஒட்டியிருக்காது என்பதுதான். சாப்பாட்டில் சமைத்தவளின் கை இருக்கிறது. கோலத்தைப் போட்டுவிட்டால் அது போட்ட வாசலுக்குச் சொந்தம்.

அதற்கு அடுத்த பொங்கலுக்குக் கோலப் போட்டி. நான் அவளுடைய நட்சத்திரத்தைப் போட்டேன், நடுவில் ஒரு பொங்கல் பானையைச் சேர்த்து. முதல் பரிசு, ஓர் எவர்சில்வர் சம்படம். "எங்கேம்மா கத்துக்கிட்டே?" என்று பரிசு கொடுத்தவர் ஒலிபெருக்கியில் கேட்டார். "நானே" என்றேன்.

3

பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆலிஸ் வாக்கர் 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் தான் பார்த்த ஒட்டுத்துணிப் போர்வையைப் பற்றிச் சொல்கிறார். கந்தல் துண்டுகளால் தைத்த அரிய வேலை. செய்தவர் அலபாமாவைச் சேர்ந்த, பெயர் தெரியாத ஒரு கறுப்பினப் பெண் என்று மட்டும் அங்கே குறிப்பு இருந்ததாம். எழுதவும் வரையவும் மறுக்கப்பட்டவர்கள் கையில் கிடைத்ததில் தங்கள் படைப்பாற்றலை வைத்துப் போனார்கள் என்பது வாக்கரின் வாதம். தன் தாயின் பூந்தோட்டத்தை அவர் அப்படித்தான் வாசிக்கிறார். நமக்கு உரிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு. பெயர் தானாக மறைவதில்லை. யாரோ ஒருவர் ஒலிபெருக்கி முன்னால் 'நானே' என்று சொல்லும்போது மறைகிறது. அந்த யாரோ பெண்ணாகவும் இருக்கலாம்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். காசு வாங்கினால் அது என்ன?

முதுகலைத் தமிழில் கால்டுவெல்லை எல்லோரும் படிக்கிறோம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், 1856. ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண், நெட் தேர்வுக்கு ஆண்டு. அவர் வாழ்ந்த இடையன்குடியில் அவருடைய மனைவி எலைசா பெண்களுக்குச் சரிகைப்பின்னல், அதாவது லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார் என்பது எந்த வினாத்தாளிலும் வந்ததில்லை. எலைசாவின் தாய் மார்த்தா மால்ட். 1819-இல் கணவர் சார்லஸ் மால்ட்டோடு நாகர்கோவிலுக்கு வந்து, பெண்பிள்ளைகளின் பள்ளியில் அந்தப் பின்னலைத் தொடங்கியவர். பின்னிய லேஸ் ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்தக் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அதே தென்திருவிதாங்கூரில்தான் மேலாடை உடுத்தும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டார்கள். மிஷன் பெண்கள் தைத்துக்கொடுத்த தளர்வான ரவிக்கை அந்தப் போராட்டத்தின் நடுவில் இருந்தது. 1859-இல் அரசு ஆணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஊசி, நூல், துணி ஆகிய மூன்றும் அங்கே யாருடைய பொழுதையும் போக்கவில்லை.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நிமிராமல் உட்கார்ந்து, பேசாமல் பின்னும் பெண்ணே நல்ல பெண் என்ற பாடமும் அந்தப் பின்னலோடு சேர்ந்தே வந்தது. இங்கிலாந்திலும் ஊசிவேலை அப்படித்தான் கற்பிக்கப்பட்டது என்பதை ரோசிகா பார்க்கர் 1984-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். பெண்மையைப் பழக்கும் கருவியாகவும், அதற்குள்ளேயே பெண்கள் தங்களுக்கென ஓர் இடம் கண்டுகொண்ட வழியாகவும் அது இருந்தது என்கிறார்.

இன்னும் கசப்பானது நரசாபூர்க் கதை. ஆந்திராவின் மேற்குக் கோதாவரிப் பகுதியிலும் மிஷனரிகள் வழியாகத்தான் லேஸ் பின்னல் வந்தது. மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்து 1982-இல் ஒரு நூல் எழுதினார். ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டில் இருந்தபடி நாளெல்லாம் பின்னினார்கள். பின்னியது வெளிநாட்டுக்குப் போனது. வியாபாரிகள் செழித்தார்கள். பின்னியவளுக்குக் கிடைத்தது குறைந்தபட்சக் கூலிக்கும் வெகு கீழே. அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்தான் நம் கட்டுரையின் மையம்: இவர்கள் தொழிலாளிகள் இல்லை, இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்.

ஓய்வு நேரம், பொழுதுபோக்கு, கைவேலை, வீட்டோடு இருந்துகொண்டு செய்வது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் கூலியைக் குறைக்கும் கத்தரிக்கோல். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது தெரியாததல்ல. தார் சுற்றுவதும் பாவுக்கு ஒத்தாசை செய்வதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தறியில் உட்கார்ந்தவர்தான் நெசவாளி. இவர்கள் 'கூடமாட' இருப்பவர்கள். 'கூடமாட' என்பதற்குக் கணக்கில் ஒரு பத்தி கிடையாது.

ஆகவே மாணவிக்கு என் முதல் விடை: காசு வாங்கினால் அது தொழில், பிடித்துச் செய்தாலும் தொழில்தான். பிடித்திருக்கிறது என்பதை உன் கூலியில் கழிக்க யாருக்கும் உரிமை இல்லை. மருத்துவர் விருப்பத்தோடு வைத்தியம் பார்த்தால் கட்டணத்தைக் குறைப்பதில்லை.

இரண்டாவது விடை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. காசு வாங்காமல் செய்வதையும் சிறிதென்று நினைக்காதே. எல்லாவற்றையும் விற்கக் கற்றுக்கொடுக்கும் காலம் இது. 'உங்கள் பொழுதுபோக்கை வருமானமாக்குங்கள்' என்று கைப்பேசி நாள்தோறும் சொல்கிறது. விற்காத ஒரு கோலமும், தோழிக்கென்று பின்னிய ஒரு கூடையும் உன்னிடம் இருக்கட்டும். தூக்கத்திலிருந்து எடுத்த பொழுதை எங்கே செலவழிப்பது என்று நீ முடிவுசெய்.

4

பல மகளிர் விடுதிகளில் டிசம்பர் பிறந்ததும் ஒரு விளையாட்டு தொடங்கும். கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு. எல்லோருடைய பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவள் உன் குழந்தை. நீ யாரென்று தெரியாமல், விடுமுறை விடும்வரை அவளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். தலையணைக்குக் கீழே மிட்டாய், புத்தகத்துக்குள் வாழ்த்து அட்டை, கதவில் ஒரு குறும்பான கட்டளை. கடைசி நாளில் வெளிப்படுத்துவார்கள். மதம் பார்க்காமல் எல்லோரும் சேருவார்கள்.

நான் ஆய்வு மாணவியாக இருந்த விடுதியில் இதை முதலில் குழந்தைத்தனம் என்று ஒதுக்கினேன். பிறகு சேர்ந்தேன். எனக்கு விழுந்த பெயர், ஒரே மாடியில் இருந்தும் இரண்டு ஆண்டுகளாக நான் ஒரு வார்த்தை பேசாத பெண்ணுடையது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள நான் அவளைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தபோதுதான் ஏன் இதுவரை பார்க்கவில்லை என்று தெரிந்தது. விடுதியில் தோழமை தானாக அமைவதுபோல் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஊர், துறை, ஊறுகாய் பாட்டில், கடைசியில் சாதி என்று அது முன்பே போட்ட புள்ளிகள்மேல்தான் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். சீட்டு மட்டும்தான் அந்தப் புள்ளிகளைக் கலைத்தது.

சீட்டு என்றதும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வரும். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வைகுந்தப்பெருமாள் கோயிலில் வெட்டிய கல்வெட்டு. குடத்தில் ஓலை இட்டு உறுப்பினரைத் தேர்ந்த முறை. மக்களாட்சியின் தொட்டில் என்று பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டுவார்கள். ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் பயிற்சி. எந்தப் பெண்ணின் பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்க முடியாது. காலனியில் எந்த ஆணின் பெயரும் போயிருக்காது. ஒரு பெண் எழுத வேண்டுமானால் சொந்த அறை வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதினார். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சொந்த மனைதான் பெயருக்கு நிபந்தனை என்று எங்கள் ஊர்க் கல் சொல்லியிருக்கிறது. நாம் ஆயுளெல்லாம் கோலம் போடும் வாசல் யார் பெயரில் இருக்கிறது என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

விடுதிப் பெண்களின் எவர்சில்வர் பாத்திரத்தில் எல்லாப் பெயர்களும் இருந்தன. அதனால் அங்கே சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பணம் உள்ளவள் கடையில் பொம்மை வாங்கினாள், இல்லாதவள் அட்டை வெட்டிப் பூ ஒட்டினாள். கடைசி நாளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. மறு ஆண்டு நாங்கள் ஒரு விதி போட்டோம்: கையால் செய்ததை மட்டும் கொடுக்க வேண்டும். உடனே ஒரு பெண் கேட்டாள்: "எனக்கு ராத்திரி டியூஷன் எடுக்கற வேலை இருக்கு, செய்ய நேரமில்ல. நேரமில்லாதவ என்ன பண்றது?" பணம் இல்லாததுபோலவே பொழுது இல்லாததும் ஏழ்மைதான் என்று அன்று தெரிந்தது. பாடிக் காட்டலாம், கதை சொல்லலாம், துணி மடித்து வைக்கலாம் என்று விதியைத் திருத்தினோம்.

மார்கழியின் பெருநூலான திருப்பாவையை இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் வேறுவிதமாகப் பாடம் நடத்துகிறேன். பக்தி நூல் என்பதில் ஐயமில்லை. ஆனால் முப்பது பாசுரங்களில் ஒரு பெரும்பகுதி தோழியரைத் துயிலெழுப்புவதிலேயே போகிறது என்பதை உரைகள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. எழுப்புகிறவள் கெஞ்சுகிறாள், கேலி செய்கிறாள், கோபிக்கிறாள். ஆனால் ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போவதில்லை. எழுதியவள் பூமாலை கட்டியவள். இன்றைய படிவத்தில் அதுவும் பொழுதுபோக்குக் கட்டத்துக்குத்தான் போகும். ஆனால் அவள் கடைசிப் பாசுரத்தில் கோதை என்று தன் பெயரை வைத்துவிட்டாள். அந்தத் துணிவை வியக்கும் நான், அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருப் பாவைக் கூட்டம் எந்த வீடுவரை போய்க் கதவு தட்டியது? வாய்க்காலோடு திரும்பிவிட்டது.

5

அந்த அக்காவைப் போன டிசம்பரில் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். வாசலில் கடையில் வாங்கிய விளக்கு நட்சத்திரம் தொங்கியது. இப்போதெல்லாம் மூங்கில் சிம்பு யாருக்கும் வேண்டாம் என்றார். நான் 'அக்கா' என்றேன், அவர் ஒரு கணம் 'வாங்க' என்று சொல்லிப் பிறகு 'வா' என்று மாற்றிக்கொண்டார்.

போட்டிக் கதையைச் சொன்னேன். முப்பது ஆண்டுக் கனத்தோடு சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும்டி. நானும்தான் வேடிக்கை பாத்துக்கினு இருந்தேன். எட்டாவது வரிசையில ஒரு புள்ளிய விட்டுட்டே. எப்பவும் அங்கதான் தப்பு பண்ணுவே."

தட்டைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். அதையும் அவரே சொன்னார். "தொட்டியில கெடந்தத ஒரு வருசம் பாத்துட்டேன். அப்புறமும் ஏன் எடுத்தாந்தேன்னு கேக்கறியா? தட்டு ஒரு சாக்கு. ஒங்கிட்ட நோட்டு மாட்டிக்கினு இருந்துச்சே, அத வாங்கத்தான் வருவேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் நட்பென்று நினைத்து வருந்திக்கொண்டிருந்த இடத்தில் அவருக்கு முதலில் தன் நோட்டு முக்கியமாக இருந்திருக்கிறது. அது சரிதான் என்று படுகிறது. தோழமை என்று நாம் அழகாகச் சொல்வதற்குள் ஒருத்தியின் உடைமையும் இருக்கிறது.

எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "பேரெல்லாம் போடாத. மருமவ படிக்கும்" என்றார். பெயர் விட்டுப்போனதைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவள் கடைசியிலும் அவர் பெயரை எழுதாமல் முடிக்கிறேன். இந்த முறை அது அவர் எடுத்த முடிவு.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். கல்கல். பேருந்தில் உட்கார்ந்து பிரித்தேன். இப்போது சீப்பில் சுருட்டுவதில்லையாம், முள்கரண்டியில். ஏனாத்தூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

படிவத்தை மாற்றச் சொல்லித் துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சு மாறச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை என் வகுப்பில் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் மூன்று வரி எழுதச் சொல்கிறேன்: என்ன செய்வாய்? யார் கற்றுக்கொடுத்தார்? கூலி உண்டா, எவ்வளவு? இரண்டாவது கேள்விக்குத்தான் பெண்கள் நெடுநேரம் யோசிக்கிறார்கள். பெயர் நினைவில் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு மறுநாள் வந்து எழுதுகிறார்கள்.